வாலைப் பக்கவாட்டில் ஆட்டும் இது எந்தப் பறவை?

அனைவருக்கும் வணக்கம். செங்கல்பட்டில் எங்கள் வீட்டுக் கொல்லையில், ஐப்பசி மழை விட்டதிலிருந்து ஒரு புதிய விருந்தாளி. வாழையடியில் உதிர்ந்த சருகுகளுக்கிடையே பூச்சி பொறுக்குகிறது. முதுகு பச்சை கலந்த பழுப்பு, கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம். வெளிறிய மார்பில் இரண்டு கறுப்புப் பட்டைகள். கீழ்ப்பட்டை நடுவில் விட்டுப்போயிருக்கிறது. கறுத்த சிறகில் மங்கிய மஞ்சள் கோடுகள்.

வாலாட்டிதான் என்று நினைக்கிறேன். ஆனால் ஏரிக்கரையில் பார்க்கும் வாலாட்டிகள் வாலை மேலும் கீழுமாக அல்லவா ஆட்டும்? இதுவோ பின்னுடலோடு சேர்த்து இடவலமாக ஆட்டுகிறது. விரட்டினால் (நான் அல்ல, அடுத்த வீட்டுப் பூனை) மாமரக் கிளையில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

கொடிக்கால் வாலாட்டியாக இருக்குமோ? படம் மங்கலாகத்தான் வந்திருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். உறுதியானால்தான் ஈபேர்டில் (eBird, பறவைகளைப் பார்த்ததைப் பதியும் இணையதளம்) பதிவேன். இது பனிக்காலம் முழுவதும் இங்கேயே தங்குமா, தெற்கே போய்விடுமா? அதுவரை சருகைக் கூட்டாமல் விடலாமா? வீட்டில் அம்மா துடைப்பத்தோடு காத்திருக்கிறார், சீக்கிரம் சொல்லுங்கள்.