உக்ரைன் போரும் யதார்த்தவாதமும்: யார் சொல்வது சரி?

இளவேனில்:
உக்ரைன் போர் என்றாலே புதினின் பேராசை என்று சொல்லி முடித்துவிடுகிறோம். எனக்கு அது போதவில்லை. 2008 ஏப்ரலில் புகாரெஸ்ட் மாநாட்டில், உக்ரைனும் ஜார்ஜியாவும் ஒருநாள் உறுப்பினராகும் என்று அமெரிக்கா தலைமையிலான ராணுவக் கூட்டணி நேட்டோ அறிவித்தது. எப்போது என்று சொல்லவில்லை, அதுவரை பாதுகாப்பும் தரவில்லை. அந்த ஆகஸ்டிலேயே ரஷ்யாவுக்கும் ஜார்ஜியாவுக்கும் போர். வாசலில் எதிரணி வந்து நின்றால் எந்த வல்லரசும் பொறுக்காது. 1962இல் கியூபாவுக்கு சோவியத் ஏவுகணைகள் வந்தபோது அமெரிக்கா பொறுத்ததா? கப்பல்களை நிறுத்திக் கடலை மறித்தது. யதார்த்தவாதிகள் சொல்வது இதுதான்: நாடுகள் போய்ப் புகார் கொடுக்க ஒரு போலீஸ் ஸ்டேஷன் கிடையாது, தன் பலத்தால்தான் ஒவ்வொரு நாடும் தன்னைக் காத்துக்கொள்ளும்.

கரிசல்:
இதில் உக்ரைன் மக்கள் எங்கே நண்பரே? நீங்கள் வாசல் என்கிற இடத்தில்தான் நாலு கோடிப் பேர் குடியிருக்கிறார்கள். 1991 டிசம்பர் வாக்கெடுப்பில் 90 சதவீதத்துக்கு மேல் சோவியத்திலிருந்து சுதந்திரம் கேட்டார்கள். ரஷ்யர்கள் அதிகம் வாழும் கிரிமியாவில்கூட 54 சதவீதம். அப்புறம் பின்லாந்து. ரஷ்யாவோடு சுமார் 1,340 கிலோமீட்டர் எல்லை. 2023 ஏப்ரலில் நேட்டோவில் சேர்ந்தது. அங்கே ஏன் படை போகவில்லை?

இளவேனில்:
நியாயமான கேள்வி. ரஷ்யப் படை அப்போது உக்ரைனில் சிக்கியிருந்தது. மிரட்டல் வந்ததால் பின்லாந்து கூட்டணி தேடியதும் யதார்த்தவாதம் சொல்வதுதான்.

கரிசல்:
படை போனாலும் உங்கள் கோட்பாடு, போகாவிட்டாலும் உங்கள் கோட்பாடு. சரி, எது நடந்தால் அது தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள்?

நெய்தல்:
இருவரும் 1994 டிசம்பரை விட்டுவிட்டீர்கள். சோவியத் காலத்திலிருந்து தன் மண்ணிலிருந்த சுமார் 1,900 தொலைதூர அணுகுண்டுகளைக் கைவிட உக்ரைன் ஒப்புக்கொண்டது. (ஏவும் கட்டுப்பாடு மாஸ்கோவிடம்தான் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.) பதிலுக்கு உக்ரைனின் எல்லைகளை மதிப்போம் என்று ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் மூன்றும் புடாபெஸ்ட்டில் கையெழுத்திட்டன. ஆங்கிலப் பிரதியில், படை அனுப்பிக் காக்க வேண்டிய 'உத்தரவாதம்' இல்லை, வெறும் 'உறுதிமொழி'தான். அமெரிக்கத் தரப்பு அந்தச் சொல்லில் பிடிவாதமாக நின்றது. அணு ஆயுதத்தால் தாக்கினால் ஐ.நா. பாதுகாப்பு சபைக்குப் போவோம் என்பது இன்னொரு வாக்கு. அந்தச் சபை எப்படி நடக்கும்? 2022 பிப்ரவரி 25 அன்று படையெடுப்பைக் கண்டித்த தீர்மானத்துக்கு 15இல் 11 ஓட்டு. ரஷ்யா வீட்டோ போட்டு அதைத் தடுத்துவிட்டது. அன்று தலைமை நாற்காலியில் இருந்ததும் ரஷ்யத் தூதர்தான். எனக்கு வயிறு எரிந்தது.

இளவேனில்:
அணு ஆயுதத்தைக் கொடுத்துவிடாதீர்கள் என்று யதார்த்தவாதியான அமெரிக்க அரசியல் அறிஞர் ஜான் மியர்ஷைமர் 1993லேயே எழுதினார். யாரும் கேட்கவில்லை.

கரிசல்:
அதில் அவர் சொன்னது சரி என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் டாங்கியையும் விமானத்தையும் மட்டும் எண்ணினால் தலைநகர் கீவ் விழுந்திருக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் வாரத்துக்குள் ரஷ்யப் படை கீவ் வட்டாரத்தை விட்டே போனது. ஊரைக் காக்க வரிசையில் நின்று துப்பாக்கி வாங்கியவர்கள் உங்கள் கணக்கில் எங்கே வருகிறார்கள்?

இளவேனில்:
வரவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்களுக்கு வேண்டிய பீரங்கிக் குண்டில் பெரும்பங்கு இன்றும் வெளியிலிருந்துதான் வருகிறது. எவ்வளவு, எத்தனை நாளைக்கு என்பதை வாஷிங்டனும் ஐரோப்பியத் தலைநகரங்களும்தான் முடிவு செய்கின்றன. முதலிலிருந்து நான் கவலைப்படுவது அதைப் பற்றித்தான்.