2012 எம்விபி: கேப்ரேராவா ட்ரௌட்டா? "திருட்டு"ன்னு எழுதின தம்பிக்கு என் பதில்

மிச்சிகன் மாறன்:
நேத்து வேற ஒரு திரியில ஆரஞ்சு கவுண்டி தம்பி போற போக்குல ஒரு வரி எழுதிட்டுப் போயிருக்காரு. "2012 அமெரிக்கன் லீக் எம்விபி, அதான் சீசனோட மிக மதிப்புள்ள ஆட்டக்காரர் விருது, பேஸ்பால் வரலாற்றுலயே பெரிய திருட்டு, ஏஞ்சல்ஸ் டீமோட மைக் ட்ரௌட்கிட்ட இருந்து புடுங்கி டெட்ராய்ட் டைகர்ஸோட மிகேல் கேப்ரேராவுக்குக் கொடுத்துட்டாங்க"ன்னு. அதைப் படிச்சதுல இருந்து எனக்கு மனசே ஆறல. .330 ஆவரேஜ் (ஆயிரம் அடி முயற்சிக்கு 330 ஹிட்), 44 ஹோம் ரன், 139 ஆர்பிஐ (அவர் அடிச்சதால டீமுக்கு வந்த ரன்), மூணுலயும் லீக்ல முதலிடம், 1967ல கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கிக்கு அப்புறம் 45 வருஷமா ஒருத்தனும் தொடாத ட்ரிப்பிள் க்ரவுன், இதை எடுத்தவன் திருடனா? அந்த வருஷம் நான் ஆபர்ன் ஹில்ஸ்ல வேலை, சாயங்காலம் ஐ-75 ரோடு புடிச்சு நேரா டைகர்ஸ் மைதானம் கொமெரிக்கா பார்க்தான். கண்ணால பாத்தவன் சொல்றேன். இன்னொண்ணும் சொல்றேன், டெட்ராய்ட் ப்ளேஆஃப் போச்சு, ஏஞ்சல்ஸ் போகல. முடிஞ்சுது கதை.

ஆரஞ்சு கவுண்டி:
மாறண்ணே, நான் எழுதுனதுல ஒரு எழுத்து கூட மாத்த மாட்டேன். திருட்டுதான். ட்ரௌட் .326, 30 ஹோம் ரன், 49 ஸ்டீல் (யாரும் அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிப் புடிக்கறது), 129 ரன், அதுவும் முதல் முழு சீசன், வயசு 20, ஆகஸ்ட்லதான் 21 ஆச்சு. சென்டர் ஃபீல்டுல நின்னு ஆடுனவன். ஜூன்ல பால்டிமோர்ல ஜே.ஜே. ஹார்டி அடிச்சதை ஓடிப்போய் சுவத்துக்கு மேல தாவி எடுத்தானே, கீழ எறங்கின உடனே பந்து உள்ளதான் இருக்கான்னு க்ளவுக்குள்ள ஒரு தரம் எட்டிப் பாப்பான் பாருங்க, அந்த மூஞ்சியை நான் இன்னைக்கும் போட்டுப் பாப்பேன். அப்புறம் ப்ளேஆஃப் கணக்கு சொல்றீங்களே, டைகர்ஸ் எத்தனை வெற்றி? 88. ஏஞ்சல்ஸ் எத்தனை? 89. எது பெருசு அண்ணே?

மிச்சிகன் மாறன்:
88 உள்ள, 89 வெளிய. அதான் பெருசு.

ஆரஞ்சு கவுண்டி:
உங்க டிவிஷன்ல (லீக்குக்குள்ள ஊர்வாரியா பிரிச்ச குரூப், அதுல முதல்ல வந்தா ப்ளேஆஃப்) ஆளே இல்லண்ணே, ரெண்டாவது வந்த ஒயிட் சாக்ஸே 85தான். எங்க டிவிஷன்ல ஓக்லாந்து 94, டெக்சஸ் 93. எங்க டீமைத் தூக்கி உங்க டிவிஷன்ல வெச்சிருந்தா 89 எடுத்து மேல உக்காந்திருக்கும். எந்த ஊர்ல டீம் இருக்குதுங்கறதுக்கு ட்ரௌட் என்ன பண்ணுவான்?

கணக்குப்பிள்ளை:
ரெண்டு பேருக்கும் ஒரு விஷயம். எம்விபி ஓட்டு நடத்துற பேஸ்பால் எழுத்தாளர் சங்கம் ஓட்டுச்சீட்டோட அனுப்புற குறிப்புலயே "மிக மதிப்புள்ள"ங்கறதுக்குத் தெளிவான விளக்கம் கிடையாது, ஓட்டுப் போடுறவர்தான் முடிவு பண்ணணும்னு இருக்கு. எம்விபி ப்ளேஆஃப் போன டீம்ல இருந்துதான் வரணும்னு அவசியம் இல்லன்னும் அதுலயே இருக்கு. முதல்ல எந்த அர்த்தத்துல பேசுறோம்னு முடிவு பண்ணிக்கிட்டா நல்லது. வார், அதாவது ஒரு சாதாரண மாத்து ஆளை விட ஒருத்தர் டீமுக்கு எத்தனை வெற்றி கூட்டினார்ங்கற கணக்குப்படி பாத்தா ட்ரௌட் பத்துக்கு மேல, கேப்ரேரா ஏழு பக்கம். மூணு வார் சின்ன இடைவெளி இல்ல.

மிச்சிகன் மாறன்:
விளக்கம் யாருக்கு சார் வேணும், பேஸ்பால் தெரிஞ்சவனுக்கு விளக்கம் எதுக்கு. 28 பேர் ஓட்டுப் போட்டாங்க, 22 பேர் கேப்ரேராவை முதல்ல எழுதினாங்க, ட்ரௌட்டுக்கு 6. லீக்ல இருக்கற ஒவ்வொரு ஊருக்கும் ரெண்டு எழுத்தாளர், வருஷம் பூரா மைதானத்துலயே கெடக்குறவங்க, அவங்களுக்குத் தெரியாதது உங்க வாருக்குத் தெரிஞ்சிருச்சா? அந்த வாரே ஒரு வெப்சைட்ல ஒரு நம்பர், இன்னொரு வெப்சைட்ல வேற நம்பர். 44 ஹோம் ரன் எந்த வெப்சைட்ல போய்ப் பாத்தாலும் 44தான். 88 உள்ள, 89 வெளிய, அதுவும் எங்க போய்ப் பாத்தாலும் அதேதான்.

ஆரஞ்சு கவுண்டி:
28னு ஒரு நம்பர் சொன்னீங்க, நானும் ஒரு 28 சொல்றேன். கேப்ரேரா அந்த வருஷம் 28 தடவை டபுள் ப்ளேல மாட்டினார், லீக்லயே அதிகம். ஒரு அடிக்கு ரெண்டு அவுட், 28 தடவை. ட்ரௌட் 7. இதை உங்க ட்ரிப்பிள் க்ரவுன்ல எந்தப் பக்கம் எழுதி வெச்சிருக்காங்க?

மிச்சிகன் மாறன்:
ஆள் பேஸ்ல இருந்தாத்தான் தம்பி டபுள் ப்ளே வரும், அதே ஆளுங்களைத்தான் 139 தடவை வீட்டுக்குக் கொண்டு வந்தார். இன்னொண்ணு கேளுங்க. விக்டர் மார்ட்டினெஸ் முட்டி போச்சுன்னு டீம் ப்ரின்ஸ் ஃபீல்டரை எடுத்துச்சு, அவர் ஃபர்ஸ்ட் பேஸ் ஆள். நாலு வருஷமா ஃபர்ஸ்ட் பேஸ்ல நின்ன கேப்ரேரா ஒரு வார்த்தை முணுமுணுக்காம நான் தேர்ட் பேஸ் போறேன்னு நகந்தார். மார்ச்ல பயிற்சி ஆட்டத்துல தேர்ட் பேஸ்ல நிக்கும்போது தரையில குதிச்ச பந்து நேரா மூஞ்சில, கறுப்புக் கண்ணாடியோட சேத்து, ரத்தம் கன்னத்துல வழியுது, வலது கண்ணுக்குக் கீழ எலும்புல விரிசல். சீசன் முதல் நாள் அதே தேர்ட் பேஸ்ல நின்னார். 161 ஆட்டம் ஆடினார். ட்ரௌட் எத்தனை? 139. ஏப்ரல் 28 வரைக்கும் மைனர் லீக்ல இருந்தவருக்கு மேஜர் லீக் எம்விபியா?

ஆரஞ்சு கவுண்டி:
நீங்களே மாட்டிக்கிட்டீங்கண்ணே, ரொம்ப நன்றி. ட்ரௌட் வர்ற வரைக்கும் ஏஞ்சல்ஸ் 6 வெற்றி 14 தோல்வி. பத்து வருஷத்துக்கு 240 மில்லியன் கொடுத்து ஆல்பர்ட் பூஹோல்ஸைக் கூட்டிட்டு வந்தும் 6-14. ட்ரௌட் வந்ததுக்கு அப்புறம் 83-59. வந்தான், டீம் எந்திரிச்சுது. வேல்யூன்னா இதுதானே? இதுக்கு மேல எந்த ஆதாரம் வேணும்? 89 எது பெருசு 88 எது பெருசுன்னு ஒண்ணாங்கிளாஸ் புள்ளையைக் கேளுங்க.

மிச்சிகன் மாறன்:
ஒண்ணாங்கிளாஸ் புள்ளை அக்டோபர்ல டிவி போட்டா யார் ஆடுறாங்கன்னும் பாக்கும். 88 உள்ள.

சேப்பாக்கம் செல்வா:
நான் கிரிக்கெட் ஆளு, சும்மா படிச்சுட்டு இருந்தேன், ஆனா இதே கதை அதே 2012ல ஐபிஎல்ல நடந்துச்சு சார். கெயில் 733 ரன் அடிச்சு ஆரஞ்சு கேப், ஆர்சிபி ப்ளேஆஃப்க்கே போகல. ப்ளேயர் ஆஃப் தி டோர்னமென்ட் கோப்பை ஜெயிச்ச கொல்கத்தாவோட நரைனுக்குப் போச்சு. அப்ப மாறன் சார் சொல்றதுதான் சரி, உள்ள போனவனுக்குத்தான் மதிப்பு.

ஆரஞ்சு கவுண்டி:
செல்வா, அந்த வருஷம் ஆர்சிபிக்கும் 17 பாயிண்ட், சென்னைக்கும் 17 பாயிண்ட். ரன் ரேட்ல சென்னை உள்ள போச்சு. அதுக்கும் கெயில் ஆட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? சேப்பாக்கத்துல கோலி போட்ட 19வது ஓவர்ல ஆல்பி மார்க்கெல் 28 ரன் அடிச்சாரே, அந்த ஒரு ஓவர் இல்லன்னா உங்க டீம் அந்த வருஷம் வீட்ல உக்காந்து டிவி பாத்திருக்கும்.

சேப்பாக்கம் செல்வா:
அந்த ஓவரை அடிச்சது எங்க ஆளுதானே பாஸ்? அது என்ன லாட்டரியா? 206 துரத்தி கடைசி பந்துல ஜெயிச்சது அதிர்ஷ்டம்னு சொல்ற ஆளுகிட்ட நான் என்ன பேச. பெங்களூர்ல ரெண்டு வருஷம் குப்பை கொட்டினவங்க எல்லாம் இப்படித்தான் பேசுவாங்க.

ஆரஞ்சு கவுண்டி:
நான் பெங்களூர்ல இருந்தது நாலு வருஷம். தெரியாம பேசாதீங்க.

ஓக்லாந்து அக்கா:
நீங்க ரெண்டு பேரும் 88, 89ன்னு மாரடிச்சுக்கிட்டு இருக்கீங்க, அந்த வருஷம் 94 எடுத்தது எங்க ஓக்லாந்து ஏஸ் டீம். கடைசி மூணு நாள் டெக்சஸை மூணு ஆட்டத்துலயும் அடிச்சு கடைசி நாள்ல டிவிஷனைப் பறிச்சாங்க. எங்களை ஒருத்தரும் பேசல, அப்பவும் பேசல, இப்பவும் பேசல. இப்ப டீமே ஊரை விட்டுப் போயிருச்சு. அந்த வயித்தெரிச்சல்ல சொல்றேன், ட்ரௌட்டுக்குத்தான் கொடுத்திருக்கணும். எங்க பசங்க ஒரு சாதாரண அடி அடிச்சாலும் அந்தப் புள்ளை சென்டர்ல இருந்து ஓடியாந்து எடுத்துரும், ரேடியோ கேட்டுக்கிட்டு எத்தனை ராத்திரி நான் திட்டியிருக்கேன்.

கணக்குப்பிள்ளை:
ட்ரிப்பிள் க்ரவுன் எடுத்தா எம்விபி கட்டாயம்ங்கறது பழைய வழக்கமும் கிடையாது. டெட் வில்லியம்ஸ் 1942லயும் 1947லயும் ட்ரிப்பிள் க்ரவுன் எடுத்தார், ரெண்டு தடவையும் எம்விபி கிடைக்கல. 42ல யாங்கீஸ் டீமோட ஜோ கார்டன், 47ல அதே டீமோட ஜோ டிமாஜியோ, அதுவும் 202க்கு 201ன்னு ஒரே ஒரு புள்ளியில. 1934ல லூ கெரிக் அதே க்ரவுனை எடுத்தப்ப ஓட்டுல அஞ்சாவதா வந்தார்.

மிச்சிகன் மாறன்:
பிள்ளைவாள், என் வேலையை நீங்களே முடிச்சுக் கொடுத்துட்டீங்க. 42ல யாங்கீஸ் மேல போச்சு, 47ல யாங்கீஸ் மேல போச்சு, வில்லியம்ஸோட ரெட் சாக்ஸ் போகல. 34ல எம்விபி வாங்கின காக்ரேன் யாரு? எங்க டெட்ராய்ட், அந்த வருஷம் லீக்கை ஜெயிச்ச டீம். 67ல யஸ்ட்ரெம்ஸ்கி டீம் ஜெயிச்சுது, அவருக்கு எம்விபி. உள்ள போனவனுக்குத்தான் கொடுத்திருக்காங்க, எந்தக் காலத்துலயும் அதுதான்.

ஆரஞ்சு கவுண்டி:
எந்தக் காலத்துலயுமா? 1987ல ஆந்த்ரே டாசன், கப்ஸ் டிவிஷன்ல கடைசி இடம், எம்விபி. 2016ல ஏஞ்சல்ஸ் 74 வெற்றி, எம்விபி யாரு? மைக் ட்ரௌட். 2019ல 72 வெற்றி, எம்விபி யாரு? மைக் ட்ரௌட். 2021ல 77 வெற்றி, ஓட்டானிக்கு ஒருத்தர் விடாம எல்லாரும் போட்டாங்க. 74க்குக் கொடுக்கலாம், 89க்குக் கொடுக்கக் கூடாதா? இதுக்கு நேரா பதில் சொல்லுங்க, கொமெரிக்கா பார்க் போனேன் ஐ-75ல போனேன்னு கதை வேண்டாம்.

மிச்சிகன் மாறன்:
கதையா? டிக்கெட் இன்னும் வெச்சிருக்கேன் தம்பி, எல்லாத்தையும். கைக்குப் பக்கத்துல உடம்பை ஒட்டி உள்ள வர்ற பந்தை, வேற யாரா இருந்தாலும் கட்டை உடைஞ்சு போற பந்தை, கையை மட்டும் உள்ள இழுத்து ரைட் ஃபீல்டுக்குத் தூக்கி விடுவார், பக்கத்துல உக்காந்திருக்கற கிழவர் தொப்பியைக் கழட்டிருவார். இதெல்லாம் போன்ல ஹைலைட்ஸ் பாக்கறவங்களுக்குத் தெரியாது. கடைசி நாள் கன்சாஸ் சிட்டியில, நாலாவது இன்னிங்ஸ்ல அவரை வெளிய கூப்பிட்டாங்க, எதிர் டீம் ஊருய்யா அது, ராயல்ஸ் ரசிகர்கள் எந்திரிச்சு நின்னு கை தட்டினாங்க, அவர் ஹெல்மெட்டைத் தூக்கிக் காட்டினார். எதிரி ஊர்க்காரனுக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியல. செப்டம்பர்ல ஒயிட் சாக்ஸ் எங்களுக்கு முன்னாடி இருந்துச்சு, அவங்களைத் தாண்டித்தான் உள்ள போனோம். போனது யாரால? 88 உள்ள, 89 வெளிய.

ஆரஞ்சு கவுண்டி:
74க்குப் பதில் இன்னும் வரல.

மிச்சிகன் மாறன்:
2016 பத்தி நான் திரி ஆரம்பிக்கல. ஆனா ட்ரௌட் இத்தனை வருஷத்துல ஆடுன ப்ளேஆஃப் ஆட்டம் மொத்தம் மூணு, 2014ல, கன்சாஸ் சிட்டிகிட்ட மூணுலயும் தோத்தாங்க. 2012லயே வேல்யூ கொட்டிச்சுன்னா அது எங்க போச்சு?

ஓக்லாந்து அக்கா:
இது அநியாயம் மாறன். ஓனரும் பிட்சிங்கும் சொதப்பினதுக்கு அந்தப் புள்ளை தலையில ஏன் கட்டுறீங்க. 2012ல உங்க டீம்ல பிட்சர் வெர்லாண்டர் இருந்தார், ஃபீல்டர் 30 ஹோம் ரன் அடிச்சார், கேப்ரேரா தனியாவா தூக்கினார்? ஃபைனலான வேர்ல்டு சீரிஸ்ல ஜயன்ட்ஸ்கிட்ட நாலுக்கு நாலும் தோத்ததை மட்டும் சொல்லவே மாட்டேங்கறீங்க.

மிச்சிகன் மாறன்:
வேர்ல்டு சீரிஸ்ல தோக்கணும்னா முதல்ல அங்க போகணும் அக்கா. யாங்கீஸை நாலுக்கு நாலும் அடிச்சுட்டுத்தான் போனோம்.

ஆரஞ்சு கவுண்டி:
ஓட்டு ப்ளேஆஃப்க்கு முன்னாடியே போட்டாச்சுண்ணே, அதை இங்க இழுக்காதீங்க. அப்புறம் "போன்ல ஹைலைட்ஸ் பாக்கறவங்க"ன்னு ஜாடையா சொன்னது எனக்குப் புரியுது. போன வருஷ ஃபேண்டசி லீக்ல உங்களை நான் ஜெயிச்சதுல இருந்து இப்படித்தான் குத்திக் குத்திப் பேசறீங்க. அந்த 40 டாலர் இன்னும் வரல.

மிச்சிகன் மாறன்:
40 டாலர் நான் அனுப்பினேன், உங்க நம்பர் தப்பு, திரும்பி வந்துருச்சு. அன்னைக்கே மெசேஜ் போட்டேன், நீங்க என்னை ப்ளாக் பண்ணி வெச்சிருந்தீங்க.

சேப்பாக்கம் செல்வா:
17 பாயிண்ட் எடுத்தும் வெளிய போனா அது அவங்க ரன் ரேட் பிரச்சினை, கடைசி லீக் மேட்ச்ல டெக்கான் சார்ஜர்ஸ்கிட்ட தோக்கச் சொன்னது நாங்களா? அதை மறைச்சுட்டு மார்க்கெல் ஓவரை மட்டும் பேசறார்.

கணக்குப்பிள்ளை:
நான் முதல்ல கேட்டதுக்கே இன்னும் யாரும் பதில் சொல்லல. மதிப்புன்னா சிறந்த ஆட்டக்காரனா, டீமை மேல ஏத்தினவனா?

மிச்சிகன் மாறன்:
44, 139, .330. 88 உள்ள, 89 வெளிய. நாளைக்கு ஆபீஸ் போயிட்டு வந்து அந்த 22 பேர் எழுதினதைத் தேடி எடுத்துப் போடறேன், யாரும் திரியை மூடிறாதீங்க.

ஆரஞ்சு கவுண்டி:
போடுங்க, நானும் அந்த ஹார்டி கேட்ச்சைப் போடறேன். ப்ளாக் எடுத்துட்டேன், நம்பரும் அனுப்பிட்டேன், கடைசி ரெண்டு எண் 89.