டெரெய்ன்: ‘களத்திட்டு’ என்று சொல்லலாமா?

வணக்கம்.

பொம்மைப் படைகளை மேஜையில் நிறுத்தி ஆடும் போர் விளையாட்டுக்காக நாம் செய்து வைக்கிற குன்று, காடு, ஆறு போன்ற துண்டுகளை ஆங்கிலத்தில் ‘டெரெய்ன்’ என்கிறோம். இந்த டெரெய்னுக்குத் தமிழில் ‘நிலப்பரப்பு’ என்றே வைத்துக்கொள்ளலாம், அகராதியில் இருப்பதுதானே என்று காட்பாடி அண்ணன் எழுதியிருந்தார். அகராதிப்படி சரிதான். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை சத்துவாச்சாரியில் எங்கள் மொட்டை மாடியில் பையன்களோடு தெர்மாகோலில் குன்று அறுத்துக்கொண்டிருந்தபோது அந்தச் சொல்லை வேண்டுமென்றே புழங்கிப் பார்த்தேன். “அந்த நிலப்பரப்பை இப்படிக் கொடு”, “நிலப்பரப்பு இன்னும் காயவில்லை”. ஒட்டவே இல்லை. நிலப்பரப்பு என்றால் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடப்பது. அதை இரண்டு, மூன்று என்று எண்ண முடியாது. நாம் செய்வதோ ஆறடிக்கு நாலடி மேஜையில் தூக்கி வைத்து, ஆட்டம் முடிந்ததும் அட்டைப்பெட்டிக்குள் போடுகிற பொருள்.

இந்த வேறுபாடு விளையாட்டின் தொடக்கத்திலேயே இருக்கிறது. 1812-ல் ரைஸ்விட்ஸ் என்பவர் பிரஷ்ய அரசருக்குச் செய்து கொடுத்த போர் விளையாட்டு மேஜையில் பிளாஸ்டர் துண்டுகளை மாற்றி மாற்றி அடுக்கித்தான் மேடும் ஆறும் அமைத்தார்கள். 1824-ல் அவருடைய மகன் அதையே வரைபடத்தின் மேல் ஆடும்படி மாற்றினார். வரைபடத்தில் இருப்பதை நிலப்பரப்பு என்று தாராளமாகச் சொல்லலாம். மேஜையில் இருக்கும் துண்டுக்குத்தான் சொல் வேண்டும்.

நான் முதலில் யோசித்தது ‘களவுரு’. களம், உரு இரண்டும் நல்ல சொற்கள், ஆனால் சேர்த்துச் சொன்னால் காதில் ‘களவு’ விழுகிறது, அதனால் விட்டுவிட்டேன். ‘அரண்’ என்று ஒருவர் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. குறள் 742 நீர், மண், மலை, காடு நான்கையும் அரணுக்கு உரியவையாகச் சொல்கிறது, நம் மேஜையில் வைப்பதும் ஏறக்குறைய இவைதான். ஆனாலும் அரண் என்றால் காப்பது. நடுவில் கிடக்கும் சேற்று நிலம் யாரையும் காப்பதில்லை, நடையைத்தான் தடுக்கிறது.

என் பரிந்துரை ‘களத்திட்டு’. பாலாற்றைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் திட்டு எது என்று விளக்க வேண்டியதில்லை, பரந்த மணலில் தனியாக மேலெழுந்து நிற்கும் துண்டு. எண்ணலாம், தூக்கலாம், முன்னொட்டும் சேரும்: குன்றுத்திட்டு, காட்டுத்திட்டு, இடிபாட்டுத்திட்டு. திட்டு என்றால் வசவு நினைவுக்கு வராதா என்று கேட்பீர்கள். மணல்திட்டு என்னும்போது யாருக்கு வருகிறது?

ஆறும் அகழியும் பள்ளமாயிற்றே, அதை எப்படித் திட்டு என்பது? நியாயமான கேள்வி. 1806 ஜூலை 10 வேலூர்க் கோட்டை எழுச்சியை 28 மில்லிமீட்டர் உயரப் பொம்மைகளில் ஆடுவதற்காக அகழி செய்தபோது நானும் இதில்தான் மாட்டிக்கொண்டேன். மேஜையைத் தோண்ட முடியாது அல்லவா? அதனால் இரண்டு கரைகளையும் உயர்த்தி, நடுவே தாழ்வாக விட்டு, அங்கே தண்ணீர் நிறம் பூசி வார்னிஷ் அடித்தேன். ஆக, அகழியும் மேஜைமேல் திட்டாகத்தான் உட்காருகிறது.

சொல் நிற்குமா என்று பார்க்க ஒரு செய்முறையை எழுதிப் பார்க்கிறேன்: களத்திட்டின் ஓரத்தைச் சரிவாக அறுங்கள், செங்குத்தாக விட்டால் கேக் துண்டு மாதிரி தெரியும். திட்டு முழுக்கப் ஃபெவிகால் தடவி, சலித்த மணலைத் தூவி ஒரு நாள் காயவிடுங்கள். ஸ்ப்ரே பெயின்டை நேராகத் தெர்மாகோல்மேல் அடிக்காதீர்கள், அதிலுள்ள கரைப்பான் தின்றுவிடும். என் முதல் குன்று அப்படித்தான் குழிகுழியாகப் போனது. பிரஷ்ஷால் அக்ரிலிக் பூசுங்கள். அப்புறம் பச்சைச் சாயம் ஏற்றிய மரத்தூள், கொலுப் பூங்காவுக்குத் தூவுவது போலவே.

எனக்கு எங்கும் இடறவில்லை. மேஜையில் எல்லாம் சேர்ந்த மொத்த அமைப்புக்குக் ‘களம்’ என்பதே போதும் என்று நினைக்கிறேன். பீப்பாய், வேலித்துண்டு, பாறை மாதிரி சில்லறையாகச் சிதறி வைப்பவற்றைக் களத்திட்டு என்று சொல்ல எனக்கே மனம் வரவில்லை. அதற்கு யாராவது சொல் வைத்திருந்தால் எழுதுங்கள்.