எட்மண்டன் குளிரில் கோழி வளர்ப்பு: கூட்டுக்கு ஹீட்டர் வேண்டுமா?

கேள்வி: அக்கா, நாமக்கல் பக்கத்திலிருந்து கனடாவின் எட்மண்டனுக்குக் குடிவந்திருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது. வசந்தம் வந்ததும் நாலு கோழி வாங்கலாம் என்று வீட்டுக்காரருக்கு ஆசை. எனக்கு ஜனவரியை நினைத்தால்தான் பயம். கூட்டுக்குள் ஒரு ஹீட் லேம்ப் தொங்கவிட்டால் போதுமா?

பதில்: ஹீட் லேம்ப் வேண்டவே வேண்டாம். நாமக்கல்காரர்களுக்கே கோழி வளர்க்கச் சொல்லித்தருகிறாளே என்று நினைக்காதீர்கள், இந்த ஊர்க் குளிர் வேறு கணக்கு. வைக்கோல், மரச்சீவல், இறகுத் தூசி எல்லாம் இருக்கிற மரக்கூட்டில் அந்த பல்பு அறுந்து விழுந்தால் தீதான். விழாமலே இருந்தாலும், கதகதப்பிலேயே இருந்த கோழி குளிருக்குப் பழகியிருக்காது. மைனஸ் 35இல் ஒரு ராத்திரி கரண்ட் போனால் அவ்வளவுதான்.

கோழியின் உடம்புச் சூடு சுமார் 41 டிகிரி. இலையுதிர் காலத்தில் பழைய இறகை உதிர்த்துப் புதுசு போட்டுக்கொண்ட கோழி, இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டி உட்கார்ந்து ராத்திரியைக் கடத்திவிடும். அதைக் கெடுப்பது ஈரம். மூச்சிலும் எச்சத்திலும் ராத்திரி முழுக்க ஈரம் வந்துகொண்டே இருக்கும். புதிதாக வளர்ப்பவர்கள் பாவம் பார்த்து, ஒரு ஓட்டை விடாமல் பிளாஸ்டிக் ஒட்டி அடைத்துவிடுகிறார்கள். அந்த ஈரம் வெளியே போக வழியில்லாமல் கொண்டையிலும் தாடியிலும் படிந்து உறைகிறது. கொண்டை நுனி வெளுத்து, அப்புறம் கறுப்பது அதனால்தான். அப்படி ஆனால் தேய்க்காதீர்கள், சூடு காட்டவும் வேண்டாம்.

எனவே காற்று போகும் திறப்பு கூரைக்குக் கீழே, கோழியின் தலைக்கு மேலே, இரண்டு பக்கமும் இருக்கட்டும். கம்பிவலை அடித்துப் பனிக்காலத்திலும் திறந்தே விடுங்கள். கோழி உட்காரும் உயரத்தில் மட்டும் காற்று நேராக அடிக்கக் கூடாது. காலையில் கதவைத் திறக்கும்போது உள்சுவரில் வெள்ளையாகப் பனி பூத்திருந்தாலோ, மூக்கில் அமோனியா நெடி ஏறினாலோ திறப்பு போதவில்லை என்று அர்த்தம். ‘இன்னும் திறந்தால் குளிருமே’ என்று மனசு சொல்லும். கேட்காதீர்கள்.

உட்காரும் கட்டைக்கு உருட்டுக் கம்பு வேண்டாம். டூ பை ஃபோர் (இரண்டுக்கு நாலு அங்குலம் என்று விற்கும்) மரத்தை அகலப் பக்கம் மேலே இருக்கும்படி போடுங்கள். கால்விரல் மடங்காமல் தட்டையாக நிற்கும், வயிற்று இறகு அதை மூடிக்கொள்ளும். தரையில் காய்ந்த மரச்சீவல் ஒரு சாண் உயரத்துக்குப் போட்டு, அதன்மேல் கொஞ்சம் மக்காச்சோளம் தூவினால் கோழியே கிளறிப் புரட்டிவிடும். குளிரில் தீனி கூடுதலாகத் தின்னும், கணக்குப் பார்க்காதீர்கள்.

தண்ணீர்தான் தினப்படித் தொல்லை. தண்ணீர் உறைந்தால் கோழி தீனியும் தின்னாது. கறுப்பு ரப்பர் சட்டி வாங்கினால், கவிழ்த்து மிதித்து ஐஸை உதிர்த்துவிட்டு வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றலாம். நாய்களுக்கென்று விற்கும் மின்சாரச் சூட்டுக் கிண்ணம் ஒன்று வைத்தாலும் தப்பில்லை. ராத்திரி கூட்டுக்குள் தண்ணீர் வேண்டாம், அதுவும் ஈரம்தான்.

எந்தக் கோழி என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பாதி விஷயம் அதில் இருக்கிறது. பெரிய கொண்டை லெகார்ன் பார்க்க அழகு, இங்கே கொண்டை கருகும். கியூபெக்கின் ஓகா மடத்துத் துறவி வில்ஃப்ரிட் 1908இல் தொடங்கி உருவாக்கிய ஷான்ட்க்ளேருக்குக் கொண்டையும் தாடியும் பெயருக்குத்தான் இருக்கும். இந்தக் குளிருக்கென்றே பிறந்த இனம். அது கிடைக்காவிட்டால் வயன்டாட் அல்லது பிரம்மா பாருங்கள்.

வாங்குவதற்கு முன்னால் நகராட்சியில் உரிமம் எடுங்கள். இங்கே மூன்று முதல் ஆறு பெட்டை வரை வைக்கலாம், சேவல் கூடாது. கோழி வைக்கும் இடத்துக்கு ஆல்பர்ட்டா மாகாண அரசு தரும் இட அடையாள எண்ணும் கட்டாயம். வாடகை வீடென்றால் முதலில் உரிமையாளரைக் கேளுங்கள். டொரொண்டோ சொந்தக்காரர்கள் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள், அங்கே சட்டம் வேறு.

கேள்வி: ரொம்ப நன்றி அக்கா. குளிர்காலத்தில் முட்டை வருமா?

பதில்: குறையும், நின்றாலும் நிற்கும். அதற்குக் குளிரைவிட வெளிச்சக் குறைவுதான் காரணம். முட்டைக்குச் சுமார் 14 மணி நேர வெளிச்சம் வேண்டும். டிசம்பர் கடைசியில் இங்கே பகலே ஏழரை மணி நேரம்தான். வேண்டுமானால் சின்ன எல்இடி பல்பு ஒன்றை டைமர் வைத்து விடியற்காலையில் எரியவிடுங்கள். சாயங்காலம் எரியவிட்டு திடீரென்று அணைந்தால், கட்டை ஏறாத கோழி இருட்டில் தரையிலேயே தங்கிவிடும். நான் எங்கள் கோழிகளுக்கு விளக்குப் போடுவதில்லை, அதுகளும் ஓய்வெடுக்கட்டும். இட்ட முட்டையை அடிக்கடி எடுத்துவிடுங்கள். உறைந்து ஓடு வெடித்ததைச் சாப்பிட வேண்டாம்.