டயாலிசிஸ்: அப்பாவுக்கு சிஆர்பி (உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) குறையவே மாட்டேன் என்கிறது, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அப்பாவுக்கு வாரம் 3 முறை டயாலிசிஸ், இன்னும் கழுத்து கதீட்டர் (ரத்தக் குழாய்க்குள் வைத்திருக்கும் குழாய்) வழியாகத்தான். காய்ச்சல் இல்லை, குளிர் நடுக்கம் இல்லை. ஆனாலும் சிஆர்பி 30-க்குக் கீழே இறங்கவில்லை. ரத்தம் ஊறுவதற்கான எரித்ரோபொய்டின் ஊசி தவறாமல் போட்டும் ஹீமோகுளோபின் 8-லேயே நிற்கிறது. ஃபெரிட்டின் (உடலில் இரும்புச்சத்து சேமிப்பைக் காட்டும் அளவு) மட்டும் 900 என்று அதிகமாக இருக்கிறது. படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, பார்க்கவே மனசு கேட்கவில்லை.

அழற்சி இருந்தால் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கூடும், இரும்புச்சத்தை மேக்ரோபேஜ் என்ற நோய் எதிர்ப்பு செல்கள் வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று டாக்டர் விளக்கினார். சரி, அந்த அழற்சி எங்கிருந்து வருகிறது? கதீட்டரா, ஈறா? பல் துலக்கும்போது அவருக்கு ரத்தம் கசிகிறது.

கதீட்டரை விட்டு ஃபிஸ்டுலாவுக்கு (டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைப்பது) மாறிய பிறகு யாருக்காவது சிஆர்பி குறைந்ததா? எவ்வளவு நாளில்? அப்புறம், பல் சிகிச்சை செய்துகொண்டவர்கள் அன்றைய டயாலிசிஸில் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஹெப்பாரினுக்கு டாக்டரிடம் என்ன ஏற்பாடு கேட்டீர்கள்?