உதவி: கன்வெர்ட்டர் ரீகால் கடிதம் வந்திருக்கிறது, சர்வீஸ் சென்டரோ சென்சார் மாற்றச் சொல்கிறது (பி0420)

மண்பாதை:
வணக்கம். பெட்ரோல் கார், எட்டு வருட வண்டி, 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. மூன்று வாரத்துக்கு முன் செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. சின்ன ஸ்கேனர் ஒன்று வைத்திருக்கிறேன், அதில் பி0420 (கன்வெர்ட்டரின் திறன் குறைந்துவிட்டது என்கிற பழுதுக் குறியீடு) என்று வந்தது. அழித்துப் பார்த்தேன், நாலே நாளில் திரும்ப வந்துவிட்டது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் வண்டிக்கு அடியில் டின்னுக்குள் கூழாங்கல் போட்டுக் குலுக்கியதுபோல ஒரு கடகட சத்தம், அரை நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. இழுவையில் குறை இல்லை.

போன வாரம் பழைய உரிமையாளர் கூப்பிட்டு, கம்பெனியிலிருந்து அவர் முகவரிக்கு ஒரு கடிதம் வந்திருப்பதாகச் சொன்னார். இந்த மாடலில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்தப்படுத்தும் பாகம்) சீக்கிரமே திறன் இழப்பதால் ரீகால் செய்கிறார்கள், இலவசமாக மாற்றித் தருவார்கள் என்று இருந்தது. கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல இருந்தது எனக்கு. ஆனால் கம்பெனி தளத்தில் சேஸிஸ் எண்ணைப் போட்டால் எதுவும் வரவில்லை. சர்வீஸ் சென்டரில், "பாகம் வரவில்லை, வந்தால் கூப்பிடுகிறோம். அதுவரை கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிடுங்கள், விளக்கு அணைந்துவிடும்" என்கிறார்கள். அதற்குக் காசு நான் கொடுக்க வேண்டுமாம். மாற்றலாமா? அதுவரை ஓட்டலாமா? செகண்ட் ஹேண்ட் வண்டி என்பதால் எனக்கு ரீகால் பொருந்தாமல் போகுமா?

ஊமைஹாரன்:
கடைசிக் கேள்விக்கு மட்டும் இப்போது பதில். ரீகால் வண்டியோடு போவது, ஆளோடு அல்ல. எத்தனை கை மாறினாலும் பரவாயில்லை. தளத்தில் என்ன வாசகம் வந்தது என்று அப்படியே எழுதுங்கள்.

மண்பாதை:
"தகவல் கிடைக்கவில்லை" என்று.

ஊமைஹாரன்:
அதற்கு "ரீகால் இல்லை" என்று அர்த்தம் இல்லை, நீங்கள் கொடுத்த எண்ணே அவர்களிடம் இல்லை என்று அர்த்தம். சேஸிஸ் எண்ணில் 17 எழுத்துகள் இருக்கும். அதில் ஆங்கில ஐ, ஓ, கியூ மூன்றும் வராது, ஒன்றோடும் சுழியத்தோடும் குழம்பும் என்பதால் விட்டுவிட்டார்கள். ஓ மாதிரி எது தெரிந்தாலும் அது சுழியம்தான். ஆவணத்தைப் பார்த்து அடிக்காமல் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தகட்டையோ, முன் கண்ணாடிக்குக் கீழே மூலையில் தெரிவதையோ பார்த்து அடியுங்கள்.

மண்பாதை:
வெட்கமாக இருக்கிறது. ஓ போட்டிருந்தேன். இப்போது "ரீகால் உள்ளது, இன்னும் செய்யப்படவில்லை" என்று வருகிறது. நன்றி அண்ணா.

நெடுஞ்சாலைப்புலி:
எதற்கு இவ்வளவு அலைச்சல்? கன்வெர்ட்டரை வெட்டி எடுத்துவிட்டு நேர் குழாய் வைத்து வெல்டிங் போட்டால் ஒரே நாளில் வேலை முடிந்தது. பின் சென்சாரைக் கொஞ்சம் தள்ளி வைக்க ஒரு ஸ்பேசர். வண்டி பறக்கும்.

பழையஸ்பேனர்:
புலி சொல்வதைச் செய்யாதே தம்பி. பல நாடுகளில் அது சட்டவிரோதம், அது ஒரு பக்கம் இருக்கட்டும். ரீகாலில் புதுசு போடும்போது பழசைக் கழற்றி எடுத்துக்கொள்வார்கள். உள்ளே பிளாட்டினம், பலேடியம், ரோடியம் என்று விலை உயர்ந்த உலோகங்கள் இருக்கின்றன. வெறும் குழாயோடு போய் நின்றால் அவர்கள் எதை மாற்றுவார்கள்? சும்மா கிடைக்கிற பாகத்தைக் கைகழுவிவிட்டு வருவாய்.

இனி உன் சென்சார் கதை. கன்வெர்ட்டருக்குள் தேன்கூடு மாதிரி நுண்ணிய துளைகளோடு ஒரு பீங்கான் கட்டி இருக்கும். அதன்மேல் பூசியிருக்கும் உலோகங்கள்தான் கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும், நைட்ரஜன் ஆக்சைடுகளை நைட்ரஜனாகவும் மாற்றுகின்றன. அந்தப் பூச்சில் சீரியம் ஆக்சைடும் உண்டு. புகையில் ஆக்சிஜன் மிஞ்சும்போது பிடித்து வைத்துக்கொள்ளும், குறையும்போது திருப்பிக் கொடுக்கும். அதனால்தான் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் சென்சார் மேலும் கீழும் ஆடினாலும் பின் சென்சார் அசையாமல் இருக்கிறது. அந்தச் சேமிப்பு தீர்ந்துபோனால் பின்னதும் முன்னதோடு சேர்ந்து ஆடும். அந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் வண்டியின் கணினி பி0420 போடுகிறது. ஆக, பின் சென்சார் உண்மையைச் சொன்னதற்காக அதைக் கழற்றுவது எய்தவன் இருக்க அம்பை நோகிற கதை.

ஆனால் நான் சொல்வதையும் அப்படியே நம்பாதே, பார்த்துவிடு. ஸ்கேனரில் லைவ் டேட்டா வரும்தானே? இருபது நிமிடம் ஓட்டி நன்றாகச் சூடாக்கு. கன்வெர்ட்டர் 250, 300 டிகிரி செல்சியஸ் வந்தால்தான் வேலையே தொடங்கும், குளிர்ந்த வண்டியில் பார்த்துப் பயனில்லை. அப்புறம் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் 2,500 ஆர்பிஎம்மில் பிடித்து, இரண்டு சென்சாரையும் ஒரு நிமிடம் பார். பின் சென்சார் 0.6, 0.7 வோல்ட் பக்கத்தில் அசையாமல் நின்றால் கன்வெர்ட்டர் நன்றாக இருக்கிறது. எப்போதும் 0.1 பக்கமே கிடந்தால் சைலன்சர் குழாயில் எங்கோ காற்று உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும். தாளம் போட்டால் கன்வெர்ட்டர் போய்விட்டது. மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது) எண்ணிக்கை, ஆயில் எவ்வளவு குறைகிறது, இவற்றையும் எழுது.

சந்தேகப்பிராணி:
ஆயிலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் அண்ணா?

பழையஸ்பேனர்:
இன்ஜின் ஆயிலில் துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த ஒரு சேர்மானம் இருக்கும். இன்ஜின் ஆயில் குடிக்கிற வண்டியில் அந்தப் பாஸ்பரஸ் போய்ப் பூச்சின்மேல் படிந்து மூடிவிடும். மிஸ்ஃபயர் இன்னும் மோசம். எரியாத பெட்ரோல் நேரே உள்ளே போய் அங்கே எரியும், பீங்கானே உருகிவிடும். அந்த நோய் இருக்கிற வண்டிக்குப் புதுக் கன்வெர்ட்டர் போட்டால் அதுவும் சீக்கிரம் சாகும். இரண்டாவது தடவை இலவசமாகத் தர மாட்டார்கள். நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

மண்பாதை:
இன்று மாலை பார்த்தேன். முன் சென்சார் வோல்ட் காட்டவில்லை, 0.98க்கும் 1.02க்கும் நடுவே ஒரு எண்ணைக் காட்டுகிறது. பின் சென்சார் 0.15, 0.78, 0.2, 0.8 என்று ஏறக்குறைய விநாடிக்கு ஒருமுறை குதிக்கிறது. வீடியோவே எடுத்து வைத்திருக்கிறேன், கோடு ரம்பப் பல் மாதிரி போகிறது. மிஸ்ஃபயர் நாலு சிலிண்டரிலும் சுழியம். ஆயில் ஒரு சர்வீசுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஊற்றியதே இல்லை.

பழையஸ்பேனர்:
முன்னது வைட்பேண்ட் வகை, காற்றும் பெட்ரோலும் கலக்கும் விகிதத்தையே எண்ணாகக் காட்டும், இப்போது நிறைய வண்டிகளில் அதுதான். 1.00ஐச் சுற்றி இருப்பதால் கலவை சரியாக இருக்கிறது. பின்னது இவ்வளவு சுறுசுறுப்பாகக் குதிக்கிறது என்றால் அது நல்ல சென்சார். சாகப்போகிற சென்சார் சோம்பிக் கிடக்கும், இப்படித் துள்ளாது. மாற்றாதே. அந்த வீடியோவை சர்வீஸ் அட்வைசரிடம் காட்டி, ஜாப் கார்டில் "பி0420, ரீகால் பாகத்துக்காகக் காத்திருப்பு" என்று எழுத வைத்து ஒரு நகல் வாங்கிக்கொள்.

ஓட்டலாம். விளக்கு நிலையாக எரிகிறவரை பயமில்லை. சிமிட்டினால் மட்டும் மிஸ்ஃபயர் என்று எடுத்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை விட்டு மெதுவாக ஓரம் கட்டு. மேடு ஏறத் திணறினால் பீங்கான் உடைந்து குழாயை அடைத்திருக்கலாம், அப்போதும் ஓட்டாதே. காய்ந்த புல்மேல் நிறுத்தும் வழக்கம் இருந்தால் விட்டுவிடு, கன்வெர்ட்டர் சூட்டில் புல் பற்றிக்கொள்ளும்.

கரும்புகை:
பாகம் வரவில்லை என்பது சாக்கு இல்லை, பெரும்பாலும் உண்மைதான். 2019 மார்ச்சில் அமெரிக்காவில் ஃபியட் கிரைஸ்லர் கம்பெனி கன்வெர்ட்டருக்காக 8,62,520 வண்டிகளை ரீகால் செய்தபோதே, அத்தனை பாகம் ஒரே நேரத்தில் கிடைக்காது என்று அந்த வருடம் முழுக்கக் கட்டம் கட்டமாகத்தான் செய்வதாக அறிவித்தார்கள். உங்கள் கடிதம் முதல் அறிவிப்பா, "பாகம் தயார், வாருங்கள்" என்கிற இரண்டாவது கடிதமா என்று பாருங்கள். இரண்டாவது கடிதமும் பழைய உரிமையாளருக்கே போகும், கம்பெனியில் உங்கள் முகவரியை இப்போதே பதிந்துவிடுங்கள்.

இன்னொன்று. மாசுக் கட்டுப்பாட்டுப் பாகம் என்றால் அவசரமில்லை என்று எல்லாரும் நினைக்கிறார்கள். கன்வெர்ட்டருக்கு அது ஓரளவு சரி. ஈஜிஆர் கூலருக்கு (இன்ஜினுக்கே திரும்பப் போகும் புகையைக் குளிரவைக்கும் பாகம்) அது சரியில்லை. 2018இல் பிஎம்டபிள்யூ டீசல் வண்டிகளில் அந்தக் கூலர் கசிந்து, கூலன்ட் புகைக்கரியோடு சேர்ந்து, வண்டிகள் தீப்பிடித்தன. தென்கொரியாவில் சோதனை செய்யாத வண்டிகளைச் சாலையில் எடுக்கவே கூடாது என்று அரசு உத்தரவு போட்டது. கடிதத்தில் எந்தப் பாகம் என்று பார்க்காமல் மேசையில் போட்டுவிடாதீர்கள்.

சந்தேகப்பிராணி:
எனக்கும் இதே மாடல். போன வருடமே என் கைக்காசில் கன்வெர்ட்டர் மாற்றிவிட்டேன். போனது போனதுதானா?

கரும்புகை:
பில் இருக்கிறதா? பல ரீகால்களில் முன்பே செலவழித்தவர்களுக்குத் திருப்பித் தரும் ஏற்பாடு உண்டு, கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். பில்லில் சேஸிஸ் எண், பாகத்தின் பெயர், தேதி, கிலோமீட்டர் எல்லாம் இருக்க வேண்டும். "எக்ஸாஸ்ட் வேலை" என்று மட்டும் எழுதியிருந்தால் மெக்கானிக்கிடம் விவரமான பில் கேளுங்கள்.

நெடுஞ்சாலைப்புலி:
சரி சரி, நான் எழுதியதை விட்டுவிடுங்கள். பில்லே கொடுக்காத ஆளிடம்தான் நான் எப்போதும் வேலை செய்கிறேன், அதான்.

பழையஸ்பேனர்:
தம்பி மண்பாதை, ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். சர்வீசுக்குக் கொண்டுபோகும் முந்தின நாள் ஸ்கேனரில் பழுதுக் குறியீட்டை அழித்துவிடாதே. அழித்தால் பழுது வந்த நேரத்தில் எவ்வளவு சூடு, எவ்வளவு வேகம் என்று கணினி பதிந்து வைத்ததும் சேர்ந்து போய்விடும். அவர்கள் மாற்றியபின் அவர்களே அழிப்பார்கள்.

மண்பாதை (ஏழு வாரம் கழித்து):
பாகம் வந்தது, வேலை முடிந்தது. காலையில் கொடுத்து மதியம் வாங்கினேன். கன்வெர்ட்டரோடு கணினிக்குப் புது மென்பொருளும் ஏற்றினார்கள், இரண்டுமே ஜாப் கார்டில் எழுதியிருக்கிறது. சென்சாரைப் பற்றி யாரும் பேச்சே எடுக்கவில்லை, நானும் கிளறவில்லை.

பழைய கன்வெர்ட்டரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். ஒரு பையன் டார்ச் அடித்துக் காட்டினான். உள்ளே உருகியோ உடைந்தோ கருகியோ இருக்கும் என்று நினைத்துப் போனேன், ஒன்றுமே இல்லை. சாம்பல் நிறத் தேன்கூடு, ஒரு துளைகூட உடையவில்லை, மறுபக்கம் வெளிச்சம் தெரிந்தது. பூச்சு செத்துப்போனது கண்ணுக்குத் தெரியாது போலிருக்கிறது. அப்படியானால் அந்தக் கடகட சத்தம்? கன்வெர்ட்டரின் சூடு வெளியே பரவாமல் மறைக்கும் வெப்பத் தகட்டின் போல்ட் ஒன்று துருப்பிடித்து விட்டுப்போயிருந்ததாம். அதை ரீகாலில் சேர்க்க முடியாது என்று தனி பில் போட்டார்கள், கொடுத்துவிட்டேன்.

இப்போது பின் சென்சார் 0.68, 0.69 என்று ஆணி அடித்ததுபோல நிற்கிறது. ஐந்து நாள் ஊருக்குள்ளும் வெளியிலுமாக ஓட்டியபின் ஸ்கேனரில் கன்வெர்ட்டர் சோதனை "முடிந்தது" என்று வந்தது. தளத்தில் மட்டும் இன்னும் "செய்யப்படவில்லை" என்றே காட்டுகிறது.

ஊமைஹாரன்:
சர்வீஸ் சென்டர் வேலை முடிந்ததாகக் கம்பெனிக்குப் பதிந்தால்தான் அது மாறும். இரண்டு வாரம் பொறுங்கள், மாறாவிட்டால் ஜாப் கார்டு நகலோடு போய்க் கேளுங்கள். வண்டியை விற்கும்போது வாங்குகிறவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

சந்தேகப்பிராணி:
எனக்கும் அந்தக் கடகட சத்தம் இருக்கிறது, புதுக் கன்வெர்ட்டர் போட்ட பிறகும். வெப்பத் தகட்டை எப்படி இறுக்கினார்கள்?

மண்பாதை:
பழைய போல்ட் கழலவில்லை, உடைந்துவிட்டது. அதனால் பெரிய ஸ்டீல் ஹோஸ் கிளாம்ப் ஒன்றைத் தகட்டைச் சுற்றிப் போட்டு முறுக்கிவிட்டார்கள். வண்டி நன்றாக ஆறினபிறகு கையை விடுங்கள்.