பொருள்: ரீட்ரேடிங் – ‘மறுபட்டையிடல்’ எனலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

தேய்ந்த டயருக்குப் புதிய மேல் ரப்பர் போடும் ரீட்ரேடிங்குக்குத் தமிழ்க் கலைச்சொல்லாக இதுவரை மறுசுழற்சி, மறுமிதி, மறுதடம் என்று மூன்று சொற்கள் இழையில் வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்குத் தயக்கம் உண்டு. சொல்லுக்கு முன் வேலையைப் பார்த்துவிடலாம்.

லாரி டயரில் தேய்ந்து போவது சாலையைத் தொடும் மேல் ரப்பர் மட்டும்தான். நம் ஊர்க் கடைகளில் ‘பட்டன்’ என்பார்களே, அதுதான். எஃகுக் கம்பி அடுக்குகள் கொண்ட உள்கூடு அப்போதும் திடமாகவே இருக்கும். பட்டறைக்கு வந்ததும் முதலில் கூட்டைத்தான் சோதிக்கிறார்கள். பக்கச்சுவரில் ஆழமான வெட்டு, உள் அடுக்குப் பிரிவு இருந்தால் கழித்துவிடுவார்கள். தேறிய கூட்டைச் சுழலவிட்டு, மிச்சமிருக்கும் பட்டனைச் சீவி, காயங்களைச் சரிசெய்து, ஒட்டு ரப்பர் சுற்றி, அதன்மேல் ஏற்கெனவே வெந்து கோடுகள் பதிந்த நீளமான ரப்பர்ப் பட்டையை ஒட்டுகிறார்கள். பிறகு உறையிட்டு, அழுத்தக் கலனுக்குள் ஏறத்தாழ 100 டிகிரியில் சில மணி நேரம். இது ‘கோல்ட்’ (குளிர்) முறை. ஜெர்மனியில் நோவாக் என்பவர் உருவாக்கிய இந்த முறையை வைத்து, 1957-இல் ராய் கார்வர் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பாண்டாக் நிறுவனத்தைத் தொடங்கினார். வேகாத ரப்பரை அச்சுக்குள் வைத்து 150 டிகிரி அளவில் வேகவைக்கும் ‘ஹாட்’ முறை அதற்கும் பழையது.

இனி சொற்கள். மறுசுழற்சி என்றால் டயரை அரைத்துத் தூளாக்குவது போன்ற வேலை. இங்கே பொருள் உருக்குலையவே இல்லை, எனவே அது தவறு. மறுமிதி, ‘மிதி’ என்று பொருள்படும் ‘ட்ரெட்’ என்ற ஆங்கில வினையை அப்படியே பெயர்த்தது. டயர் எதையும் மிதிப்பதாகத் தமிழில் யாரும் சொல்வதில்லை. மறுதடம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தத் தொழிலைப் பற்றி எழுதும் எந்தக் கட்டுரையிலும் ‘கரிமத்தடம்’ (கார்பன் ஃபுட்பிரிண்ட்) வந்தே தீரும். ஒரே பத்தியில் இரண்டு தடமும் வந்தால் வாசிப்பவர் குழம்புவார்.

என் பரிந்துரை ‘மறுபட்டையிடல்’. மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை கட்டுவோம். பட்டை தேய்ந்தால் பட்டையைத்தான் மாற்றுவோம், மரச்சக்கரத்தை யாரும் எறிவதில்லை. நடப்பது அதே வேலை என்பதால் சொல்லும் அங்கிருந்தே வரலாம். டயரையே ‘உருளிப்பட்டை’ என்பவர்கள் இருக்கிறார்கள், அங்கே மோதல் வரும் என்பது நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் டயர் தமிழில் டயராகவே நிலைத்துவிட்டது. அதை அப்படியே விட்டுவிட்டு மறுபட்டை டயர், பட்டை, டயர்க்கூடு என்று ஒரு குடும்பமாகக் கட்டலாம்.

இதில் ‘டயர்க்கூடு’தான் எனக்கு மிக முக்கியம். இந்தத் தொழிலின் முதலீடே அதுதான். ஒரு புது லாரி டயருக்கு ஏறத்தாழ 83 லிட்டர் கச்சா எண்ணெய், மறுபட்டைக்கு 26 லிட்டர் என்பது தொழில்துறையில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அந்த மிச்சம் முழுவதும் கூட்டைக் காப்பாற்றியதால் வருவது. மலிவான புது டயரின் கூடு ஒரு முறைகூடப் பட்டை தாங்காமல் போகலாம். அப்படிப்பட்ட டயர்கள் சந்தையை நிரப்பினால் பட்டறைகள் படுத்துவிடும். 2018-இல் ஐரோப்பிய ஒன்றியம் சீன லாரி, பஸ் டயர்களுக்குப் பொருள்குவிப்புத் தடுப்பு வரி (அடிமாட்டு விலை இறக்குமதியைத் தடுக்கும் வரி) விதித்தபோது, அங்குள்ள மறுபட்டைத் தொழிலுக்கு நேர்ந்த பாதிப்பும் பேசப்பட்டது. மிஷ்லின் போன்ற டயர் நிறுவனங்கள் டயரை விற்காமல் ஓடிய கிலோமீட்டருக்குக் கட்டணம் வாங்கும் ஒப்பந்தங்களும் போடுகின்றன. அப்போது கூடு நீடிப்பது தயாரித்தவருக்கே லாபம். வாங்குபவர் விலையை மட்டும் பார்த்து எடுக்கும் சந்தையில் அந்த அக்கறை யாருக்கும் வராது. அதனால் கலைச்சொல் பட்டியலில் கூட்டுக்குத் தனி இடம் வேண்டும். ‘உறை’ என்று போட்டால் வேலையின்போது சுற்றும் ரப்பர் உறையோடு கலந்துவிடும்.

‘கோல்ட்’, ‘ஹாட்’ இரண்டையும் தண்முறை, வெம்முறை என்று பெயர்க்க வேண்டாம் என நினைக்கிறேன். 100 டிகிரியில் நடப்பதைத் தண்மை என்பது சரியில்லை. கலன்முறை, அச்சுமுறை என்று வைத்தால் நடப்பது என்னவென்று உடனே தெரியும்.

போக்குவரத்துக் கழகப் பணிமனைகளில் வேலை பார்த்தவர்கள் குழுவில் இருந்தால், சீவும் வேலைக்கும் ஒட்டு ரப்பருக்கும் அங்கே என்ன பெயர் வழங்குகிறது என்று எழுதுங்கள். அந்தச் சொற்கள் வந்தபின் பட்டியலை முடிக்கலாம்.